சர்வர் ஃபர்ம்வேர் அப்டேட்: ஓஎஸ்ஸுக்குள்ளிருந்தா, ஐஎஸ்ஓவில் பூட் செய்தா, ஐலோ வழியாகவா?

விண்டோஸ் பேட்ச் போட மாதாமாதம் நாள் குறித்து வைத்திருக்கும் டீம்கூட, சர்வர் ஃபர்ம்வேர் (ஹார்டுவேர் பாகங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் அடிப்படை மென்பொருள்) என்றால் "நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குத் தொடணும்" என்று பின்வாங்கும். அந்தத் தயக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பேட்ச் தகராறு செய்தால் கழற்றிவிடலாம், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். பயாஸ் (சர்வரை எழுப்பிவிடும் ஃபர்ம்வேர்) எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் டேப் பேக்கப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனாலும் என்றாவது ஒருநாள் செய்துதான் ஆக வேண்டும். அப்போது எந்த வழியில் செய்வது என்பதில் டீமுக்குள்ளேயே ஆளுக்கொரு கருத்து இருக்கும். இங்கே எச்பிஇ ப்ரோலையன்ட் ஜென்10 தலைமுறையை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஐலோ என்பது அந்தச் சர்வருக்குள்ளேயே இருந்து, தூரத்திலிருந்து அதை நிர்வகிக்க உதவும் தனிச் சிப். டெல் பவர்எட்ஜ் வைத்திருப்பவர்கள் ஐலோ என்று வரும் இடத்தில் ஐட்ராக் என்று படித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பொருந்தும், பொருந்தாத இடத்தில் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு சர்வரில் "ஃபர்ம்வேர்" என்று ஒரே பொருள் கிடையாது. பயாஸ் (எச்பிஇ இதை சிஸ்டம் ரோம் என்கிறது), ஐலோ, ரெய்டு கன்ட்ரோலர் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிப்பது), நெட்வொர்க் கார்டு, ஒவ்வொரு டிஸ்க், பவர் சப்ளை, மதர்போர்டிலுள்ள லாஜிக் சிப் என்று பல இடங்களில் பல வெர்ஷன்கள் இருக்கும். நடத்தையும் ஆளுக்கொரு மாதிரி. ஐலோவை அப்டேட் செய்தால் அது மட்டும் ரீசெட் ஆகும். மேலே ஓடும் ஓஎஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. பயாஸை இப்போதே எழுதி வைக்கலாம், ஆனால் ரீபூட் ஆகும்வரை பழையதுதான் ஓடும். லாஜிக் சிப்புக்கு ரீபூட் மட்டும் போதாமல் போகலாம், மின்சாரத்தையே ஒருமுறை முழுதாக நிறுத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே "ஆன்லைனில் செய்கிறோம், டவுன்டைம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பாகத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

தொடாமல் விடுவதும் ஒரு முடிவுதான்

அதன் விலை என்ன என்பதற்கு 2019 நவம்பரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எச்பிஇ அப்போது ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட சில சாஸ் எஸ்எஸ்டி (சர்வர்களில் போடும் வேகமான டிஸ்க்) மாடல்கள் மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், செத்துவிடும். டிஸ்க்கும் திரும்பாது, டேட்டாவும் திரும்பாது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். எச்பிடி8 என்ற ஃபர்ம்வேர்தான் தீர்வு. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு இதே கதை 40,000 மணி நேரக் கணக்கில் மறுபடி வந்தது: 4 வருடம் 206 நாள் 16 மணி நேரம்.

இதில் கொடுமை எங்கே என்றால், ஒரு சர்வரிலுள்ள எட்டு எஸ்எஸ்டியும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் செருகி, ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை. எட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு) போட்டிருக்கிறோம், ஹாட் ஸ்பேர் (தயாராக நிற்கும் உதிரி டிஸ்க்) வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைகூட ஃபர்ம்வேரைத் திரும்பிப் பார்க்காத இடங்களுக்கு, அந்த அறிவிப்பைப் படித்தவர் ஒருவர் இருந்தாரா என்பதைப் பொறுத்துதான் விதி அமைந்தது.

பாதுகாப்புப் பக்கமும் இதே நிலைதான். 2017-இல் ஐலோ 4-இல் ஒரு ஓட்டை வெளிவந்தது. லாகின் கேட்கும் இடத்தில் ஒரு ஹெடரில் ஆங்கில ஏ எழுத்தை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போய்விடலாம். 2.53 வெர்ஷனில் அடைத்தார்கள். 2025-இல் பல கம்பெனி சர்வர்களில் இருக்கும் ஏஎம்ஐ மெகாரேக் பிஎம்சியில் (ஐலோ மாதிரியான நிர்வாகச் சிப்பின் ஃபர்ம்வேர்) அதே ரகத்தில் ஒன்று வந்தது. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து.

"அப்படியானால் வந்த அன்றே போட்டுவிடலாமா?" அதுவும் கூடாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டையை அடைக்க வந்த மைக்ரோகோடை (ப்ராசஸருக்கான திருத்தம்) அவசரமாகப் போட்டவர்களின், இன்டெல் பிராட்வெல், ஹாஸ்வெல் ப்ராசஸர் கொண்ட சர்வர்கள் தானாக ரீபூட் ஆக ஆரம்பித்தன. ஜனவரி 22 அன்று இன்டெலே "நிறுத்துங்கள்" என்றது. சர்வர் கம்பெனிகள் வெளியிட்ட பயாஸ்களைத் திரும்பப் பெற்றன. 2014-இல் எச்பியின் அப்டேட் தொகுப்பில் இருந்த ஒரு ஃபர்ம்வேர், பிராட்காம் சிப் கொண்ட சில நெட்வொர்க் கார்டுகளைத் திரும்ப எழ முடியாதபடி செய்துவிட்டது.

ஆகவே நான் பிரிப்பது இப்படி: டேட்டா போகும், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வரலாம் என்ற இரண்டு வகை அறிவிப்புகளுக்கு அந்த வாரமே நேரம் ஒதுக்க வேண்டும். மற்றவை வெளிவந்து ஒன்றிரண்டு மாதம் ஆறட்டும். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகச் செய்தால் போதும்.

ஓஎஸ் ஓடும்போதே போடுவது

எச்பிஇயில் ஸ்மார்ட் அப்டேட் மேனேஜர், டெல்லில் டியுபி என்கிற தனித்தனி பேக்கேஜ்கள். விண்டோஸுக்குள் லாகின் செய்து, டபுள் கிளிக் செய்து, "ரீபூட் லேட்டர்" கொடுத்துவிட்டு வரலாம். பழகிய முகம், பழகிய வழி. டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒரே கையோடு ஏற்றிவிடலாம் என்பது இதன் உண்மையான பலம். நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் ஒரு காலத்தது, ஃபர்ம்வேர் ஒரு காலத்தது என்று இருந்தால் வரும் தொல்லைகள் (லிங்க் அவ்வப்போது விழுந்து எழுவது, காரணமில்லாமல் பாக்கெட் தொலைவது) ஃபர்ம்வேரை அப்டேட் செய்யாமலே விடுவதைவிட மோசமானவை.

எனக்குப் பிடிக்காதது, எழுதும் வேலையைச் செய்வது லோடு சுமந்துகொண்டிருக்கும் அதே ஓஎஸ் என்பதுதான். டிஸ்க் ஃபர்ம்வேரை ஓடும்போதே எழுதினால் அந்த டிஸ்க்குக்குப் போகும் ஐஓ சில நொடிகள் நிற்கும். ஃபைல் சர்வர் பொறுத்துக்கொள்ளும். பிஸியான டேட்டாபேஸ் டைம்அவுட் என்று கத்தும். ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து பேக்கேஜைப் பிரிக்க விடாமல் தடுப்பதும் உண்டு. ஐலோ உயர் பாதுகாப்பு மோடில் இருந்தால் ஓஎஸ் பக்கமிருந்து எழுத ஐலோ பாஸ்வேர்டு தனியாகக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் "டூல் வேலை செய்யல" என்று டிக்கெட் போடுவார்கள்.

பயாஸ் விஷயத்தில் இந்த வழி மிச்சப்படுத்துவது மிகக் குறைவு. எழுதும் நேரம் மட்டும் மிச்சம், ரீபூட் எப்படியும் தேவை. ஆகவே இதை நான் ஒதுக்குவது ஒரே வேலைக்கு: மேலே சொன்ன எஸ்எஸ்டி மாதிரி அவசரத்தில், ஒரே ஒரு பாகத்தை, லோடு குறைந்த நேரத்தில் மாற்றுவது.

ஐஎஸ்ஓவில் பூட் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில்

எச்பிஇயின் எஸ்பிபி என்பது அப்டேட்கள் எல்லாம் அடங்கிய, பல ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் நகலாக இருக்கும் ஒரே ஃபைல்). அதில் பூட் செய்தால் சர்வர் முழுதையும் அலசி, எதெது பழையது என்று பட்டியல் போட்டு, சார்புகளைப் பார்த்து வரிசையாக ஏற்றும். ஓஎஸ் ஓடாததால் எதுவும் குறுக்கே வராது. அதைவிட முக்கியம், அந்தத் தொகுப்பில் இருக்கும் வெர்ஷன்கள் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. தனித்தனியாக டவுன்லோட் செய்து நீங்களே சேர்க்கும் கூட்டணியை வேறு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

மூன்று நான்கு வருடம் யாரும் தொடாத சர்வர் கையில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: மிகப் பழைய வெர்ஷனிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவ முடியாத பாகங்கள் உண்டு, நடுவில் ஒரு படி வைக்க வேண்டும். ரிலீஸ் நோட்ஸில் அது ஒரு வரியில் இருக்கும். அந்த ஒரு வரிக்காகவே ரிலீஸ் நோட்ஸைப் படிக்க வேண்டும்.

குறைகள் மூன்று. முதலாவது, முழு டவுன்டைம். ஒரு சர்வருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, காசு. 2014 பிப்ரவரியிலிருந்து எஸ்பிபி வேண்டுமென்றால் வாரண்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் சர்வர் வாங்கியவர்களுக்கு இது பெரிய இடி. டெல் இந்த விஷயத்தில் தாராளம், சைட்டிலிருந்து யாரும் இறக்கலாம். மூன்றாவது, கிளை அலுவலகச் சர்வர். தலைமை அலுவலகத்திலிருந்து ஐலோ விர்ச்சுவல் மீடியாவில் (தூரத்திலுள்ள ஃபைலைச் சர்வரில் செருகிய டிஸ்க் போலக் காட்டும் வசதி) அந்த ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து, மெல்லிய லிங்க்கில் பூட் செய்யப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். லிங்க் நடுவில் அறுந்தால், எழுதிக்கொண்டிருக்கும் டூலுக்கு அடியிலிருந்து டிஸ்க்கை உருவிய கதை. அங்கே ஒரு பென்டிரைவை முன்பே அனுப்பி, சர்வரில் செருகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. விர்ச்சுவல் மீடியாவுக்கு ஐலோ அட்வான்ஸ்டு லைசன்ஸ் வேறு வேண்டும்.

ஐலோ வழியாக

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஐலோவுக்குத் தனி ப்ராசஸர், தனி நெட்வொர்க் போர்ட். சர்வரை ஆஃப் செய்தாலும் ப்ளக்கில் கரண்ட் இருந்தால் அது விழித்திருக்கும். ஐலோ 5-இல் ரெபாசிட்டரி என்று ஓர் இடம் உண்டு. பகல் வேளையில், யாருக்கும் தொந்தரவில்லாமல், தேவையான ஃபைல்களை அங்கே ஏற்றி வைத்துவிடலாம். எல்லாம் கையெழுத்திட்ட ஃபைல்கள். கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் ஐலோ வாங்காது. இரவு விண்டோவில் (இந்த வேலைக்கென்று ஒதுக்கிய டவுன்டைம் நேரத்தில்) செய்ய வேண்டியது ரீபூட் மட்டும். டேட்டா ஏற்கெனவே சர்வருக்குள் இருப்பதால் லிங்க் அறுந்தாலும் கவலையில்லை. கிளை அலுவலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

சர்வர்கள் நிறைய இருந்தால் ரெட்ஃபிஷ் இருக்கிறது. சர்வர்களை நிர்வகிப்பதற்காக 2015-இல் வந்த இந்தப் பொதுத் தரத்தில் அப்டேட்டுக்கென்றே தனி சர்வீஸ் உண்டு. ஒரு சின்ன ஸ்கிரிப்டோ ஆன்சிபிள் போன்ற தானியங்கி டூலோ போதும். எச்பிஇ, டெல், லெனோவோ மூன்றும் ரெட்ஃபிஷ் பேசும், உச்சரிப்புதான் கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

இதற்கும் எல்லை இருக்கிறது. ஜென்10-இல் எல்லாப் பாகங்களையும் ஐலோ தானே எழுதிவிடாது. சிலவற்றை ஐலோ எழுதும். சிலவற்றை அடுத்த பூட்டில் யுஇஎஃப்ஐ (பயாஸின் இன்றைய வடிவம்) எழுதும். சிலவற்றுக்கு ஓஎஸ்ஸுக்குள் ஓர் ஏஜென்ட் வேண்டும். ஏற்றி வைத்த ஃபைல் க்யூவில் "பென்டிங்" என்றே நின்றால், பாதி நேரம் காரணம் அந்த ஏஜென்ட் இல்லாததுதான். டிரைவர் பக்கமும் ஐலோவுக்குக் கை எட்டாது. நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேரை ஐலோவில் ஏற்றினால், டிரைவரை ஓஎஸ்ஸில் நீங்கள்தான் நினைவு வைத்து மாற்ற வேண்டும்.

திரும்பி வரும் வழி இங்கேதான் நன்றாக இருக்கிறது. ப்ரோலையன்டில் பயாஸுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. புதியது சரியில்லை என்றால் ஐலோ பக்கத்திலேயே பழைய ரோமுக்கு மாற்றிக்கொள்ளலாம். டெல்லில் ஐட்ராக் முந்தைய வெர்ஷனைச் சேமித்து வைத்து "ரோல்பேக்" தருகிறது. ஆனால் ஐலோ 5-இல் டவுன்கிரேடு பாலிசி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் கடைசித் தேர்வு "நிரந்தரமாகத் தடை செய்". அதைப் போட்டால் போட்டதுதான், பிறகு யாராலும் மாற்ற முடியாது. ஆடிட்டர் சொன்னார் என்று அதை டிக் செய்யும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

கிளஸ்டர் இருந்தால்

மூன்று நான்கு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்கள் (ஈஎஸ்எக்ஸ்ஐ என்பது விஎம்வேரின் ஹைப்பர்வைசர், அதாவது ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) ஒரு கிளஸ்டரில் இருந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. 2020-இல் வந்த விஎம்வேர் விஸ்பியர் 7-லிருந்து, ஹைப்பர்வைசர், டிரைவர், ஃபர்ம்வேர் மூன்றையும் ஒரே இமேஜாக வைத்து, ஒவ்வொரு ஹோஸ்டாகக் காலி செய்து, ஏற்றி, ரீபூட் செய்து, திரும்பச் சேர்க்கும் வசதி வந்துவிட்டது. எச்பிஇ, டெல்லின் துணை மென்பொருள் ஒன்றை இணைத்தால் அது பின்னால் ஐலோவிடமோ ஐட்ராக்கிடமோ பேசி வேலையை முடிக்கும். டிரைவரும் ஃபர்ம்வேரும் பிரிந்துபோகும் அந்தப் பழைய வியாதிக்கு இதுதான் சரியான மருந்து. விசான் (ஹோஸ்ட்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் விஎம்வேர் வசதி) ஓட்டுபவர்களுக்கு வேறு வழியே யோசிக்க வேண்டாம். அங்கே கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர், டிரைவர் ஜோடி சப்போர்ட் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

இரண்டு ஹோஸ்ட் மட்டுமே உள்ள சின்ன கிளஸ்டருக்கு இந்த ஏற்பாடெல்லாம் அதிகம். ஒன்றைக் காலி செய்து, ஐலோ வழியாகக் கையாலேயே போட்டு, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு இன்னொன்றைத் தொடலாம். அந்த ஒரு வார இடைவெளியை எந்தத் தானியங்கி டூலும் தானாகத் தராது. 2018-இல் அப்படி இடைவெளி விட்டவர்களுக்குப் பாதி கிளஸ்டராவது மிஞ்சியது.

ஒரு சின்ன பொறி: ரீபூட் நேரத்தைக் குறைக்க குவிக் பூட்டை ஆன் செய்திருப்பீர்கள். அது ஹார்டுவேரைத் தொடாமல் ஹைப்பர்வைசரை மட்டும் மறுபடி கிளப்பும். ஐலோவில் கையால் ஏற்றி வைத்த பயாஸ் அப்படிப்பட்ட ரீபூட்டில் அமலுக்கு வராது. முழு ரீபூட்தான் கொடுக்க வேண்டும்.

விண்டோவுக்கு முன்னும் நடுவிலும்

எந்த வழியானாலும் சில வேலைகள் பொது. ஐலோவை முதலில், பயாஸை அடுத்து, மற்றவை பிறகு. இரண்டு பவர் சப்ளையும் தனித்தனி யுபிஎஸ் லைனில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மாற்றம் எதுவும் செய்யாமலேயே ஒருமுறை ரீபூட் செய்து பார்ப்பது எனக்கு வழக்கம். ஐந்நூறு நாள் ஓடிய சர்வரில் முன்பே பழுதாகிக் கிடந்த மெமரி ஸ்டிக்கின் பழி ஃபர்ம்வேர் மேல் விழ வேண்டாம்.

டிபிஎம் சிப்பை (என்கிரிப்ஷன் சாவிகளைக் காக்கும் சிப்) மறந்துவிடாதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்டிருந்தால் பயாஸுக்கு முன் சஸ்பெண்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 அப்டேட் 2-லிருந்து ஹோஸ்டின் கான்ஃபிகரேஷனே டிபிஎம்மால் பூட்டப்படுகிறது. டிபிஎம் கிளியர் ஆகிவிட்டாலோ செக்யூர் பூட் அமைப்பு மாறிவிட்டாலோ, கான்ஃபிகரேஷனை மீட்க முடியவில்லை என்று ஊதாத் திரையில் நின்றுவிடும். அதற்கான ரெகவரி கீயை ஒரே கமாண்டில் எடுக்கலாம், ஆனால் ஹோஸ்ட் உயிரோடு இருக்கும்போதுதான். எடுத்த கீயை அதே கிளஸ்டரில் ஓடும் விஎம் ஒன்றில் சேமித்து வைக்கும் ஆசாமிகளும் உண்டு.

பயாஸ் மாறிய பிறகு வரும் முதல் பூட் புதியவர்களைப் பதற வைக்கும். ஃபேன்கள் எல்லாம் உச்ச வேகத்தில் ஊளையிடும். கன்சோல் கறுப்பாக இருக்கும். பாதி தூரம் வந்துவிட்டுத் தானாக மறுபடி ரீபூட் ஆகும். மெமரி நிறைய இருந்தால் அதைச் சோதித்துப் பழக்கிக்கொள்வதற்கே பல நிமிடம் ஆகும். இந்த இடத்தில்தான் பவர் பட்டனை நோக்கி விரல் போகும். சர்வரைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபர்ம்வேர் அல்ல, அந்த விரல்தான். ஐலோ லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஏதாவது நகர்கிறவரை கை வைக்காதீர்கள்.

முடிந்ததும் டூல் "சக்ஸஸ்" என்றதை மட்டும் நம்பாமல், ஓஎஸ் பக்கமிருந்தும் வெர்ஷனைப் பாருங்கள். 2021 இறுதியில் வெளிவந்த ஐலோபிளீட் என்ற தீம்பொருள், பழைய ஐலோவுக்குள் உட்கார்ந்துகொண்டு அப்டேட் நடந்ததாகவே நடித்தது.

ஒற்றை டேட்டாபேஸ் சர்வர், விண்டோ கிடைக்கவில்லை

கிளஸ்டர் இல்லை, அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் ரீபூட்டுக்குச் சம்மதிக்கவில்லை. இங்கேதான் எல்லோரும் இடறுவது. ஐலோவை மட்டும் இன்றே அப்டேட் செய்துவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படும் அளவுக்குப் பாதிப்பில்லை. பாதுகாப்பு ஓட்டைகளில் மோசமானவை அங்கேதான் இருக்கின்றன என்பதால் பாதிக் கவலை அதிலேயே தீரும். எஸ்எஸ்டி அறிவிப்பு போல ஒன்று வந்தால் டிஸ்க்கை மட்டும் ஓஎஸ் வழியாக, பேக்கப்பைச் சரிபார்த்துவிட்டு.

பயாஸையும் கன்ட்ரோலரையும் "ஏற்றி வச்சுடறேன், என்னைக்கு ரீபூட் ஆகுதோ அன்னைக்கு ஏறிக்கட்டும்" என்று க்யூவில் போட்டு வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். திட்டமிடாத ரீபூட் எப்போது வரும்? யுபிஎஸ் தீர்ந்து கரண்ட் போய், விடிகாலையில் திரும்ப வரும்போது. மின்சாரம் நிலையில்லாத அதே நேரத்தில் சர்வர் தன் பயாஸை எழுத ஆரம்பிக்கும், பார்க்க ஆள் இருக்காது. ஐலோவில் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நேரமும் காலாவதி நேரமும் கொடுக்கலாம், இரண்டையும் நிரப்புங்கள். கடைசி நிமிடத்தில் விண்டோ ரத்தானால், மெயிலுக்குப் பதில் போடும் முன் க்யூவைத் திறந்து அதிலிருப்பதை நீக்கிவிடுங்கள். டெல்லில் ஜாப் க்யூவுக்கும் இதேதான்.